எஸ்தோய் அத்தை

டிஸ்பென்சரிக்குப் பல் பிடுங்கப் போனது என் மனைவி. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இரண்டு பேர். நாற்காலியில் இவள், பக்கத்து ஸ்டூலில் அத்தை. டாக்டர் குறடை உள்ளே விட்டதும் இவள் முனகினாள், அத்தையும் முனகினார். பல் வெளியே வந்தபோது அத்தை தன் கன்னத்தைப் பொத்திக்கொண்டார். டாக்டர் கோட்டயம் பக்கத்து ஆள், எஸ்டேட்டுக்குப் புதிது. "அம்மச்சிக்கு ஏது பல்லு?" என்று, எந்தப் பல் வலிக்கிறது என்று மலையாளத்தில் கேட்டிருக்கிறார். "எனக்கு ஒண்ணுமில்ல சாரே. பிள்ள ஒத்தையில வாயத் திறந்துக்கிட்டு இருக்கக் கூடாதுல்லா, அதான்" என்றாராம் அத்தை.

அவர் எனக்கு உறவு இல்லை. லயத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அத்தைதான். எழுபதுகளில் சூரியநெல்லிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் ஃபிட்டராக இருந்தேன். அத்தை மலையில் கொழுந்து எடுப்பவர். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "நூறு" என்று ஆயுசு வாழ்த்து வரும். அந்தப் பக்கத்தில் இருந்தவர் அத்தை.

குட்டையான உருவம். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டி, தலையில் துண்டைப் போட்டு, முதுகில் கூடையோடு ஏறினால் பின்னாலிருந்து பார்ப்பவர்களுக்குக் கூடைதான் நடந்து போவதுபோல் இருக்கும். விரல்களில் கொழுந்துக் கறை எப்போதும் இருக்கும். குரல் மட்டும் ஆளுக்குப் பொருந்தாத பெரிய குரல்.

அந்த மனுஷிக்கு ஒரே ஒரு குணம்தான். யாரும் எதையும் தனியாகச் செய்யக் கூடாது. கீழ் லயத்து மேஸ்திரிக்கு மஞ்சள்காமாலை வந்து உப்பில்லாப் பத்தியம் சொன்னார்கள். அவர் கஞ்சியைக் கண்டாலே தட்டைத் தள்ளினார். அத்தை தன் தட்டை எடுத்துக்கொண்டு போய், அவர் எதிரே உட்கார்ந்து, அதே உப்பில்லாக் கஞ்சியை அவர் குணமாகிற வரைக்கும் குடித்தார். மேஸ்திரி பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "கீழாநெல்லியில ஒண்ணும் நான் எந்திரிக்கல. இந்தப் பொம்பள மூஞ்சியச் சுளிக்காம அந்தக் கஞ்சியக் குடிக்கிறதப் பாக்கச் சகிக்காமத்தான் எந்திரிச்சேன்."

பழனிக்கு மாலை போட்ட வீட்டில் அவரும் ஒருவேளை சாப்பாடு. பரீட்சைக்குப் படிக்கிற வீட்டில் அவரும் முழித்துக்கொண்டு இருப்பார், எழுத்து ஒன்றும் தெரியாவிட்டாலும். புருஷன் செத்த வீட்டில் அந்தப் பெண்ணோடு மூலையில் உட்கார்ந்துவிடுவார். ஆறுதல் ஒன்றும் சொல்ல மாட்டார். அவள் தண்ணீர் குடித்தால் குடிப்பார், அவள் படுத்தால் படுப்பார்.

நன்றியோடு எழுத உட்கார்ந்திருக்கிறேன், அதற்காக எதையும் மறைக்கப் போவதில்லை. சில நேரம் அவர் சரியான தொந்தரவு. கல்யாணமான புதிதில் எனக்கும் மனைவிக்கும் என்னவோ வாய்த்தகராறு. அவள் போய்க் குழாயடிக் கல்லில் உட்கார்ந்துகொண்டாள். நான் வீட்டுக்குள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். அத்தை கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். திரும்பக் குழாயடிக்குப் போனார். திரும்ப வந்தார். கடைசியில் நடுவாசலில் நின்று கத்தினார்: "அவளும் தனி, நீயும் தனி. நான் ஒருத்தி எம்புட்டு நேரம் அங்கிட்டும் இங்கிட்டும் நடப்பேன்? ரெண்டு பேரும் ஒரே எடத்துல உக்காந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா என்ன?" குழாயடியில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு கோபமாக இருப்பது எப்படி?

ஒருமுறை கேட்டே விட்டேன், ஏன் இப்படி எல்லார் பின்னாலும் அலைகிறீர்கள் என்று. அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஒத்தையில இருந்து பாத்துட்டேன் மருமவனே. நல்லா இல்ல." சின்ன வயதிலேயே புருஷன் போய்விட்டார், பிள்ளை இல்லை என்பதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

இப்படிப்பட்டவருக்குப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு நான் ஒரு புதுப் பாஷையைத் தனியாகப் படிக்கப் பார்த்தேன்.

அர்ஜென்டினாவிலிருந்து ஒரு இன்ஜினியர் எங்கள் ஃபேக்டரிக்கு வந்தார். அங்கேயும் தேயிலை போடுகிறார்கள் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரர் யாராக இருந்தாலும் எங்கள் ஜனங்களுக்குத் துரைதான், ஆகவே இவரும் துரை. கொழுந்தைச் சுருட்டுகிற எங்கள் ரோலிங் மிஷின்களைப் பார்க்க வந்தவர், நான் மிஷினுக்கு அடியில் கிடந்தால் அவரும் குனிந்து அடியில் வந்துவிடுவார். அவர்கள் ஊரில் புதிதாகத் தொடங்குகிற ஃபேக்டரிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு ஃபிட்டர் வேண்டும் என்றார். நானும் பக்கத்து டிவிஷன் ஃபேக்டரி ஃபிட்டரும் அவர் கண்ணில் பட்டிருந்தோம். இப்போது அஸ்ஸாம் போகிறேன், மழைக்காலம் முடிந்து திரும்பி வருவேன், அங்கே வேலைக்காரர்கள் எல்லாம் ஸ்பானிஷ்தான் பேசுவார்கள், அதற்குள் நாலு வார்த்தை படித்து வைக்கிறவர் வரட்டும் என்று சொல்லி, ஆளுக்கு ஒரு ஒல்லிப் புத்தகம் கொடுத்தார்.

போகிற அன்று மிஷினுக்கு அடியில் வைத்து என்னிடம் தனியாகச் சொன்னார். புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு வினைச்சொல் போதும். நான் கூப்பிட்டால் 'இருக்கிறேன்' என்று நீ சொல்ல வேண்டும். அது 'எஸ்தோய்'. எங்கே இருந்தாய் என்று கேட்டால் 'இங்கே இருந்தேன்' என்று சொல்ல வேண்டும். அது 'எஸ்தூவே'. இந்த இரண்டும் வாயில் ஏறினால் மற்றதெல்லாம் தானாக ஏறும் என்றார்.

எனக்குப் போக ஆசை. அதை மறைக்கத் தெரியவில்லை. சந்தைக்குப் பூப்பாறை, மலையை விட்டு இறங்கினால் போடி என்று இருந்தவனுக்குக் கடல் தாண்டி ஒரு ஃபேக்டரி என்றால் தூக்கம் வருமா? ஆனால் மனைவிக்கு அப்போதுதான் நாள் தள்ளிப் போயிருந்தது. அவளுக்குத் தாய் இல்லை. தகப்பனார் போடியில் வேறு குடும்பமாகிவிட்டார். என் பக்கத்திலும் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. நான் போனால் அவள் தனி. பிரசவமும் தனி.

"போங்க" என்றாள் அவள். "ஆனா எனக்குப் பயமாத்தான் இருக்கும். பயமில்லன்னு பொய் சொல்லத் தெரியாது எனக்கு."

இந்தப் பதிலைத் தலையில் வைத்துக்கொண்டுதான் சாயங்காலம் விளக்கடியில் அந்தப் புத்தகத்தைப் பிரிப்பேன். எஸ்தோய் வந்துவிட்டது. எஸ்தூவே வரவில்லை. மற்ற வினைச்சொற்கள் நேற்றைக்குப் போகும்போது வாலை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டு ஒழுங்காகப் போகின்றன. இது ஆளே மாறிவிடுகிறது. சத்தம் போட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

சுவருக்கு மேலாக அத்தையின் குரல் வந்தது. "என்ன மருமவனே, யாரத் திட்டுத?"

விஷயத்தைச் சொன்னேன். ஆளே எழுந்து வந்து வாசலில் நின்றார்.

"இருக்கேன். இருந்தேன். அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான் அத்தை. ஆனா வாயில நிக்க மாட்டேங்குது."

"ஒத்தையில சொன்னா எப்படி நிக்கும்? நானும் படிக்கேன், சொல்லு."

அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். நான் சொல்ல அவர் சொல்ல, என் மனைவி அடுப்படியில் சிரிக்க, பிறகு அவளும் சொல்ல, எங்கள் வீடு பள்ளிக்கூடம் மாதிரி ஆயிற்று. அத்தைக்கு எழுத்து இல்லாததால் புத்தகத்தைப் பார்த்துப் பயப்படும் வேலையும் இல்லை. வரவில்லை என்றால் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து இன்னொரு தரம் சொல்லுவார்.

அதோடு விட்டிருந்தால் அவர் அத்தை இல்லை. எங்கள் மலையில் பனி இறங்கினால் பக்கத்துச் செடி தெரியாது. யானை வந்து நின்றாலும் தெரியாது. அதனால் நிரையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு ஓரத்திலிருந்து "இருக்கியா?" என்று கிளம்பும். "இருக்கேன்!" என்று ஒவ்வொருத்தியாகச் சொல்லி மறு ஓரம் வரைக்கும் போகும். யாராவது ஒரு குரல் வராவிட்டால் எல்லோரும் கொழுந்தை விட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடுவார்கள். காலம் காலமாக அப்படித்தான்.

ஒரு நாள் பனியில் ஃபேக்டரி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மேல் காட்டிலிருந்து அத்தையின் குரல் வந்தது: "எஸ்தோய்!" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்தாற்போல இன்னொரு பெண்: "எஸ்தோய்!" இன்னொன்று. நிரை முழுக்க, ஆள் யாரும் தெரியாமல், அந்த வெள்ளையிலிருந்து ஒன்றன் பின் ஒன்றாக "எஸ்தோய், எஸ்தோய்" என்று மலை ஏறிப் போயிற்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் கேட்டால், "பத்து வாயி பேசுனாத்தான் ஒரு பாஷை வழுக்கிட்டு வரும். நீ ஒருத்தனாப் பேசுனா அது எப்படிப் பழகும்?" என்றார்.

எஸ்தூவேக்கும் வழி கண்டுபிடித்தார். சாயங்காலம் கொழுந்து நிறுத்துப் போட்டதும், காலையில் வேலைக்கு வந்தவர்கள் பேரைக் கூப்பிட்டு ஆஜர் பார்ப்பார்கள். "இருந்தேன் சாரே" என்று சொல்ல வேண்டிய இடத்தில் அத்தை "எஸ்தூவே" என்றார். பின்னால் நின்றவளும் எஸ்தூவே. நான் ஃபேக்டரியில் மிஷினைத் துடைத்துக்கொண்டே கேட்பேன். காலையில் எஸ்தோய், சாயங்காலம் எஸ்தூவே. எனக்கு அதன் பிறகு இரண்டும் குழம்பவே இல்லை. பகல் முழுக்க நின்று வேலை செய்தவர்கள் களைத்துப்போய்ச் சொல்லும் சொல் எஸ்தூவே என்று காதில் பதிந்துவிட்டது.

சூப்பர்வைசர் சாருக்கு இது பிடிக்கவில்லை. பாவம், அவர் மேலும் தப்பில்லை. அந்த நாட்களில் கொடி, ஊர்வலம், முத்திராவாக்கியக் கோஷம் இல்லாத மாதமே கிடையாது. பெண்கள் எல்லாம் சேர்ந்து புரியாத ஒரு வார்த்தையை வரிசையாகக் கத்தினால் அவர் என்ன நினைப்பார்? ஏதோ புது யூனியன் புகுந்துவிட்டது, வேலையை நிறுத்திச் சமரம் வரப்போகிறது என்று நேரே மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டார். அத்தையை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். நான் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினேன். போகிற வழியில் பார்த்தால் நிரையில் இருந்த பெண்கள் எல்லோரும் கூடையோடு வந்துகொண்டிருக்கிறார்கள். அத்தையைத் தனியாக ஆபீஸுக்கு அனுப்புவதா என்று. அதைப் பார்த்ததும் சூப்பர்வைசருக்குச் சமரம் நிச்சயமாகிவிட்டது.

"எந்தா இது?" என்றார் மேனேஜர்.

"வேலைய நிறுத்தலியே சாரே" என்றார் அத்தை. "கையி கொழுந்து எடுக்கு. வாயி சும்மாத்தான கெடக்கு, அது பாட்டுக்குப் படிக்கட்டுமே."

நான் இன்ஜினியர் விஷயத்தைச் சொன்னேன். மேனேஜர் சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார். "ஜோலி நடக்கட்டும்" என்று எல்லோரையும் அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு சூப்பர்வைசரே பனியில் குடையோடு நின்று "எஸ்தோய்" என்று கத்துவதைக் கேட்டிருக்கிறேன். யானைப் பயம் அவருக்கும் உண்டல்லவா.

மழை விட்டது. துரை திரும்பி வந்தார். பக்கத்து டிவிஷன் ஃபிட்டரை முதலில் பார்த்தார். அவர் இங்கிலீஷ் நன்றாகப் பேசுவார், புத்தகத்தையும் தலைகீழாக ஒப்பித்தார் என்று சொன்னார்கள். எனக்கு அங்கேயே பாதி உயிர் போயிற்று.

மறுநாள் காலை துரை என்னை அழைத்துக்கொண்டு ஃபேக்டரிக்கு மேலே காட்டு வழியில் நடந்தார். நல்ல பனி. நடந்துகொண்டே ஸ்பானிஷில் கேட்டார், நேற்று எங்கே இருந்தாய் என்று. கேள்வி புரிந்தது. பதிலும் தெரியும். வாய் மட்டும் ஒட்டிக்கொண்டது. நாக்கை மேலே தூக்க முடியவில்லை. அவர் இன்னொரு தரம் மெதுவாகக் கேட்டார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். ஒரு மூலையில், நல்லதாயிற்று, அவளை விட்டுப் போக வேண்டாம் என்றும் நினைத்தேன்.

அப்போதுதான் மேலே ஒரு குரல், "எஸ்தோய்!" என்றது.

துரை நின்றுவிட்டார். அடுத்த குரல் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. எங்கள் தலைக்கு மேலே, ஒரு ஆளையும் காணாமல், பெண் குரல்கள் ஒன்று முடியுமுன் ஒன்று எழுந்து போய்க்கொண்டிருந்தன. துரை தொப்பியைக் கழற்றிவிட்டார். அவர் வீட்டை விட்டு வந்து எத்தனை மாதம் ஆயிற்றோ. அஸ்ஸாமிலும் இங்கேயும் அந்தப் பாஷையை அவரோடு பேச ஒருத்தரும் இல்லை. கடைசிக் குரல் அத்தையுடையது, எல்லாவற்றையும்விடப் பெரிது. அது அடங்கியதும் துரை இரண்டு கையையும் வாயில் குவித்து, அந்த நிரையில் தானும் ஒரு ஆள் என்பதுபோலக் கத்தினார்: "எஸ்தோய்!"

மேலே, "ஏ, ஆம்பளக் குரலு!" என்று யாரோ சொல்ல, சிரிப்பு மலை முழுக்கப் பரவியது.

துரை என் பக்கம் திரும்பினார். கண் கலங்கி இருந்தது. திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டார். நேற்று எங்கே இருந்தாய்?

"எஸ்தூவே" என்றேன். இங்கேதான் இருந்தேன், இவர்களோடு இருந்தேன் என்று அவர் பாஷையிலேயே சொன்னேன். அந்த 'இவர்களோடு' எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. புத்தகத்தில் எப்போதோ பார்த்திருக்க வேண்டும்.

என்னைத்தான் எடுத்தார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. ரோலரைப் பிரித்து மாட்டுவதில் என் கை அவருக்குப் பிடித்திருக்கலாம்.

கிளம்புகிற அன்றைக்குக் காலையிலேயே அத்தை தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் போட்டுவிட்டார். என் மனைவிக்கு அப்போது வயிறு நன்றாகத் தெரிந்தது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெட்டியை இறக்கி வைத்திருப்பேன். அத்தை அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்: "போயிட்டு வா மருமவனே. இங்க எஸ்தோய்."

அங்கே இரண்டு வருஷம் இருந்தேன். செம்மண் பூமி, பெரிய வானம், நல்ல ஜனங்கள். முதல் நாளே வேலைக்காரர்கள் வட்டமாக நின்று, ஒரு சுரைக்குடுவையில் கசப்பான ஒரு இலைத் தண்ணீரை ஊற்றி, ஒரே குழாயில் ஒருவர் மாற்றி ஒருவர் உறிஞ்சி, என் கையிலும் கொடுத்தார்கள். நாலு பேர் வாய் வைத்த எச்சிலை எப்படிக் குடிப்பது என்று ஒரு கணம் தயங்கினேன். அத்தையாக இருந்தால் இந்நேரம் குடித்திருப்பார் என்று தோன்றியது. குடித்துவிட்டேன். அன்றைக்கே அவர்களில் ஒருத்தன் ஆகிவிட்டேன்.

மகள் பிறந்த செய்தி கடிதத்தில் வந்தது. பிரசவம் எப்படி நடந்தது என்று மனைவி நேரில்தான் சொன்னாள். இவள் வலியில் கத்தினால் அத்தையும் கூடவே கத்தினாராம், அதே அளவு, அதே நேரம். நர்ஸம்மா கோபப்பட்டு அத்தையை வெளியே போகச் சொல்லியிருக்கிறாள். அத்தை அசையவில்லை. "எனக்கு வலிச்சது எல்லாம் மறந்துபோச்சு. அத்தை கத்துறதப் பாத்துச் சிரிச்சது மட்டும்தான் ஞாபகம் இருக்கு" என்றாள் என் மனைவி. இதைச் சொல்லும்போது அவள் அழுதாள்.

இரண்டு வருஷம் முடிந்து, கப்பல், ரயில், பஸ் எல்லாம் மாறி, போடிமெட்டு ஏறி லயத்துக்கு வந்து நின்றால் என் வீடு பூட்டிக் கிடந்தது. அத்தை வீட்டில் யாரோ புதுக் குடும்பம். பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தேன். மேஸ்திரிதான் ஓடி வந்து விவரம் சொன்னார். அத்தைக்கு வயசாகி வேலை முடிந்துவிட்டது. வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும், அதுதான் எஸ்டேட் சட்டம். எங்களோடு இருங்கள் என்று என் மனைவி எவ்வளவோ சொல்லியும் அத்தை கேட்கவில்லை. ஊரில் ஒரு வீடு கிடக்கு, போய்ப் பார்க்கிறேன் என்று சங்கரன்கோவில் பக்கம் கிளம்பிவிட்டார். பஸ் வரைக்கும் லயமே போய் அழுதிருக்கிறது. பஸ் கிளம்புகிற நேரத்தில் என் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாளாம்.

"ஒத்தையில அனுப்ப மாட்டேன்னு ஒரே பிடியா ஏறிட்டாப்பா" என்றார் மேஸ்திரி. "உனக்குக் கடுதாசி போட்டேன்னாளே, வரலியா?"

கடிதம் நான் கிளம்பிய பிறகு அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். ஏறின மலையை மறுநாளே இறங்கினேன். இரண்டு வருஷம் கழித்து வருகிறவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகலாமா என்று கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ராஜபாளையம் தாண்டுவதற்குள் போய்விட்டது. பயமாத்தான் இருக்கும் என்று சொன்ன பெண், கைக்குழந்தையோடு தெரியாத ஊருக்கு இன்னொருத்திக்குத் துணையாகப் போயிருக்கிறாள். அதை நினைக்க நினைக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கரிசல் காட்டு ஊர். ஓட்டு வீடு. அத்தை கொஞ்சம் சுருங்கியிருந்தார், குரல் சுருங்கவில்லை. எனக்கு வேலை உயர்ந்து தனி குவார்ட்டர்ஸ் கிடைக்கப் போகிறது, எங்களோடு வந்துவிடுங்கள் அத்தை, இதை நீங்கள் மறுக்கக் கூடாது என்று கும்பிட்டுக் கேட்டேன். என் மனைவியும் காலைப் பிடித்தாள்.

"நல்லாச் சொன்ன போ" என்றார். "எதிர்வீட்டுல கண்ணு தெரியாத மனுசி ஒருத்தி இருக்கா. மகன் பம்பாயில. நான் வந்துட்டா அவ ஒத்தையிலல்லா கெடப்பா? வந்து ஒரு மாசங்கூட ஆகல, அதுக்குள்ள எப்படி விட்டுட்டு வர?"

அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டு வந்தவன் நான். அவருக்கோ மூச்சுவிட நேரம் இல்லை.

இரண்டு நாள் இருந்தோம். அந்த இரண்டு நாளும் என் மகள் என்னிடம் வரவில்லை. அவளுக்கு நான் யாரோ ஒரு மீசைக்காரன். நான் கூப்பிட்டால் அத்தையின் சேலைக்குள் தலையை நுழைத்துக்கொள்வாள். பொம்மை காட்டினேன், மிட்டாய் காட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. கிளம்புகிற அன்றைக்கு முற்றத்தின் இந்தப் பக்கம் பெட்டியோடு நான் நிற்கிறேன். அந்தப் பக்கம் வாசற்படியில் அத்தையும், அவர் சேலைக்குள் என் மகளும். "அப்பாகிட்டப் போ தங்கம், போ" என்று என் மனைவி கெஞ்சுகிறாள். குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. எனக்கும் அழுகை வரும்போல் இருந்தது. பெற்ற பிள்ளை இல்லையா.

"அம்புட்டுத் தூரம் அவ எப்படித் தனியாப் போவா?" என்றார் அத்தை.

எழுந்தார். விரலைக் கொடுத்தார். "வா தாயி, நாம போவோம்."

குழந்தையின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, அந்த முற்றத்தை இரண்டு பேரும் மெதுவாகக் கடந்து என்னிடம் வந்தார்கள். அத்தை குனிந்து அவளுடைய மறு கையை எடுத்து என் விரலில் வைத்தார். அவள் உடம்பு விறைத்தது. ஆனால் ஒரு பக்கம் அத்தை இருந்ததால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "ம், நடப்போம்" என்றார் அத்தை. நடுவில் அவள், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அத்தை. பின்னால் என் மனைவி பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தெருவைத் தாண்டினோம். மாட்டுத்தொழுவத்தில் கட்டியிருந்த கன்றைக் காட்டி எதையோ கேட்டாள் என் மகள். நான் பதில் சொன்னேன். என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள், இன்னொன்று கேட்டாள். அதற்கும் பதில் சொன்னேன்.

பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் வந்துதான் கவனித்தேன். அவளுடைய அந்தப் பக்கத்துக் கை சும்மா ஆடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அத்தை ரொம்பத் தூரத்தில், தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார். எப்போது விரலை விட்டார் என்று எனக்குத் தெரியாது. என் மகளுக்கும் தெரியவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தாள்.